ரேடியேஷன் எடுத்த வாயில் ஈறு வைத்தியம்

"ரேடியேஷன் எடுத்த வாயை நாங்கள் தொடமாட்டோம்" என்று வேறெங்கோ திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தான் என் நாற்காலியில் அதிகம் வந்து உட்காருகிறார்கள். நான் ஈறு நோய் மருத்துவர். தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு எடுக்கப் போகிறவர்கள், எடுத்துக்கொண்டிருப்பவர்கள், எடுத்து முடித்துப் பல வருடம் ஆனவர்கள் என்று எல்லோரையும் பார்க்கிறேன். திருப்பி அனுப்பிய பல் மருத்துவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. படிக்கிற காலத்தில் எங்கள் எல்லோர் மண்டையிலும் ஏற்றப்பட்ட பயம்தான் அது. ஆனால் அந்தப் பயம் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. கதிர் பட்ட தாடையில் பல்லைப் பிடுங்கத்தான் பயப்பட வேண்டும். பல்லில் படிந்து இறுகிய அழுக்கான காரையை எடுக்கப் பயந்து விட்டுவிட்டால், ஈறு இறங்கி, எலும்பு கரைந்து, பல் ஆட ஆரம்பித்து, கடைசியில் எதற்குப் பயந்தோமோ அந்தப் பிடுங்குதலுக்கே வந்து நிற்போம்.

இது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்பகத்துக்கோ கர்ப்பப்பைக்கோ புரோஸ்டேட்டுக்கோ கதிர்வீச்சு எடுத்தவர்களின் தாடைக்கு இதனால் ஒன்றும் ஆகாது. கதிர் படாத இடத்தில் கதிரின் தொல்லையும் இல்லை. அவர்களிடம் நான் கேட்பது வேறு கேள்வி: எலும்புக்கென்று சோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் மாதிரி ஊசி ஏதாவது போடுகிறார்களா? அந்த மருந்துகளும் தாடை எலும்பைக் கெடுக்கக்கூடியவை, ஆனால் அதன் கணக்கே தனி. இங்கே நான் பேசுவது நாக்கு, கன்னம், ஈறு, டான்சில், தொண்டை, உமிழ்நீர்ச் சுரப்பி ஆகிய இடங்களில் புற்றுநோய் வந்து, தாடையும் கதிரின் பாதையில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி.

இவர்களுக்கு வழக்கமாக நாளுக்கு 2 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு) வீதம், வாரத்தில் 5 நாள், 6 அல்லது 7 வாரம் கொடுப்பார்கள். கூட்டினால் 60 முதல் 70 கிரே வரும். அந்த அளவு கதிரை வாங்கிய எலும்பில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் மெல்ல மெல்ல அடைபடுகின்றன. இரத்தக் குழாய் குறைவு, உயிரணு குறைவு, ஆக்சிஜன் குறைவு என்று 1983-ல் ராபர்ட் மார்க்ஸ் என்ற தாடை அறுவை மருத்துவர் இதை எழுதினார். பின்னால் வந்தவர்கள், அந்த இடத்தில் நார்த்திசு படிந்து இறுகிவிடுவதையும் சேர்த்துச் சொன்னார்கள். நோயாளிக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: சும்மா விட்டால் அந்த எலும்பு தன் பாட்டுக்கு இருக்கும், காயம் பட்டால் ஆற்றிக்கொள்ள அதற்குத் தெம்பு போதாது. பல் எடுத்த குழி மூடாமல், எலும்பு வெளியே தெரிந்தபடி மாதக்கணக்கில் நின்றுவிடுவதைத்தான் கதிர்வீச்சால் வரும் எலும்புச் சாவு என்கிறோம். இது கீழ்த்தாடையில்தான் அதிகம், மேல்தாடைக்கு இரத்த ஓட்டம் தாராளம். 50 கிரேக்கு மேல் வாங்கிய பகுதியில் ஆபத்து கூடுகிறது. வருடங்கள் ஓடினாலும் அது விலகிவிடுவதில்லை.

சொத்தையை எல்லோரும் கவனிக்கிறார்கள், ஈறை விட்டுவிடுகிறார்கள். ஆனால் சொத்தைக்காவது ஒரு பின்வாசல் இருக்கிறது. பல் முழுக்கச் சொத்தையாகி ஈறு மட்டத்தில் ஒடிந்தே போனாலும், வேர் சிகிச்சை செய்து, மேல்பாகத்தைச் சீவிவிட்டு, வேரை அடைத்து அப்படியே தாடையில் விட்டுவிடலாம். எலும்பைத் தொட வேண்டியதில்லை. ஈறு நோயில் அந்த வழி கிடையாது. பல்லைப் பிடித்திருக்கும் எலும்பே போய்விட்டால் பல் நன்றாக இருந்து என்ன பயன்? அதனால்தான் கதிர்வீச்சுக்கு முன்னால் ஈறை ஒரு தடவை முழுசாக அளந்து பார்த்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் மன்றாடுகிறேன்.

அளப்பது என்றால் நிஜமாகவே அளப்பதுதான். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெதுவாக இறக்குவோம். ஒரு பல்லுக்கு ஆறு இடம். 3 மில்லிமீட்டர் வரை போனால் நல்ல ஈறு. 4, 5 என்றால் நோய் பிடித்திருக்கிறது, சுத்தம் செய்து மீட்கலாம். 6 அல்லது அதற்கு மேலே போனால், அல்லது கடைவாய்ப்பல்லில் வேர்கள் இரண்டாகப் பிரியும் கவட்டைக்குள் கம்பி நுழைந்தால், அல்லது பல் ஆடினால், அந்தப் பல் அதிகக் கதிர் விழும் இடத்திலும் இருந்தால், அதை முன்கூட்டியே எடுத்துவிடும்படி சொல்வதுதான் வழக்கம்.

அந்தக் கடைசி நிபந்தனையைத்தான் பலர் கவனிப்பதில்லை. நாக்கின் வலது ஓரத்தில் புற்றுநோய் வந்த ஒருவருக்கு நான் அளக்க, உதவியாளர் எண்களை எழுதிக்கொண்டிருந்தார். வலது கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றில் "ஏழு" என்றேன். இடது பக்கம் அதே பல்லிலும் "ஏழு". இரண்டிலும் ஆட்டம் இல்லை, வலி இல்லை. கதிர்வீச்சு மருத்துவருடன் உட்கார்ந்து திட்ட வரைபடத்தைப் பார்த்தபோது, வலது தாடைக்கு 60 கிரேக்கு மேல் விழப்போகிறது, இடது பல் இருக்கும் இடத்துக்கு அதில் பாதிகூட இல்லை என்று தெரிந்தது. வலதை எடுத்துவிடலாம், இடதைச் சுத்தம் செய்து வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். அவருடைய மனைவி ஒத்துக்கொள்ளவில்லை.

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்குன்னு சொன்னீங்க டாக்டர்? வலிக்காத பல்லை எதுக்கு எடுக்கணும்?"

"இப்ப வலிக்கலைம்மா. நாலஞ்சு வருஷம் கழிச்சு சீழ் கட்டினா அன்னைக்கு எடுக்கிறது ஆபத்து. எடுக்கிறதுன்னா இந்த ரெண்டு வாரம்தான்."

"அப்ப இந்தப் பக்கத்துப் பல்லு?"

"அதை என்னைக்கு வேணாலும் எடுக்கலாம். அதனாலதான் இப்ப எடுக்க வேண்டாம்கிறேன்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, அந்தப் படத்தை எனக்கும் காட்டுங்க" என்றார். காட்டினோம். எல்லா நோயாளிகளும் கேட்க வேண்டிய கேள்வி அது. என் பற்கள் இருக்கும் இடத்தில் எத்தனை கிரே விழப்போகிறது, எந்தப் பக்கம் அதிகம் என்று கதிர்வீச்சு மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வரைபடம் தயாராகும் முன்பே முடிவெடுக்க வேண்டியிருந்தால், கட்டி இருக்கும் இடத்தை வைத்தே எந்தப் பக்கம் அதிகம் விழும் என்று அவரால் ஓரளவு சொல்ல முடியும். ஒரு காலத்தில் கதிர்வீச்சு என்றாலே வாயில் இருக்கும் பற்களையெல்லாம் ஒட்ட எடுத்துவிடும் பழக்கம் இருந்தது. இன்று அதற்கு அவசியமில்லை. உமிழ்நீர் வற்றிய வாயில் முழுப் பல்செட்டு மாட்டிக்கொண்டு இருப்பவர்களைப் பார்த்தால், எடுத்த ஒவ்வொரு பல்லுக்கும் நியாயம் கேட்கத் தோன்றும்.

சாதாரண ஈறு நோயாளி என்றால் எனக்கு அவகாசம் இருக்கிறது. ஸ்கேலிங் செய்து, அதாவது காரையை எடுத்து, வேரின் பரப்பைச் சுரண்டி வழவழப்பாக்கி, ஆறு வாரம் போல விட்டு மறுபடி அளப்பேன். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விழுந்த பள்ளத்தைப் பை என்போம், அந்தப் பை சுருங்கியிருந்தால் பல் பிழைத்தது. சுருங்காவிட்டால் ஈறைத் திறந்து அறுவை செய்யலாமா என்று யோசிப்பேன். கதிர்வீச்சு நோயாளிக்கு அந்த ஆறு வாரம்தான் கதிர் ஓடிக்கொண்டிருக்கும் காலம். சிகிச்சைக்குப் பல் எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்க்காமலே தீர்ப்பு எழுத வேண்டியிருக்கிறது. எனவே பல்லை மட்டும் பார்ப்பதில்லை, பல்லுக்குச் சொந்தக்காரரையும் பார்க்கிறேன். இதுவரை எப்படித் துலக்கியிருக்கிறார்? புகை, புகையிலையை விடுவாரா? வாய் வறண்டு, பாதிதான் திறக்கிற நிலையில் பின்னாலிருக்கும் அந்தப் பல்லின் இடுக்கை அவரால் தினமும் சுத்தம் செய்ய முடியுமா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவாரா? 5 மில்லிமீட்டர் பையை ஒருவருக்குத் தைரியமாக விட்டுவைப்பேன், இன்னொருவருக்கு விட்டுவைக்கத் தயங்குவேன். புத்தகத்தில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து இந்த முடிவை எடுக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

நேரக் கணக்கு இப்படி. பல் எடுத்த குழி ஆற, முதல் கதிருக்கு முன் குறைந்தது 2 வாரம் வேண்டும், 3 கிடைத்தால் நிம்மதி. ஆனால் பல்லுக்காகப் புற்றுநோய் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. எது முக்கியம் என்பதில் குழப்பமே இல்லை. கட்டிக்கு முதலில் அறுவை, பிறகு கதிர்வீச்சு என்று திட்டமிட்டிருந்தால் அதிர்ஷ்டம்: அதே மயக்கத்திலேயே எடுக்க வேண்டிய பற்களையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் இடையில் வரும் சில வாரங்களில் குழியும் ஆறிவிடும், தனியாக ஊசி, தனியாக வலி என்று ஒன்றும் இருக்காது. கட்டி என்று தெரிந்த அன்றே ஈறு மருத்துவரைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். கதிர் பாயும்போது தலை அசையாமல் பிடிக்கும் மாஸ்க் செய்து, ஸ்கேன் எடுத்து, நாள் குறித்தபிறகு வருகிறவர்களுக்குச் செய்ய முடிவது குறைந்துபோகிறது.

பிடுங்க வேண்டாத பற்களுக்கெல்லாம் இந்த இடைவெளியிலேயே முழு வாய்க்கும் ஸ்கேலிங். ஆழமான இடங்களை மரத்துப்போகும் ஊசி போட்டு வேர்வரை சுத்தம் செய்துவிடுவேன். கூரான நிரப்பல் ஓரங்களை, கன்னத்தில் உரசும் பல் முனைகளை வழவழப்பாக்குவதும் அப்போதே. இரண்டு பல்வரிசைக்கும் அச்சு எடுத்து, ஃபுளோரைடு ஜெல் வைக்க மெல்லிய ட்ரே செய்து கொடுப்பதும் அப்போதே, ஏனென்றால் புண் வந்தபிறகு வாய்க்குள் அச்சு எடுக்க முடியாது. வாயில் உலோக மூடி இருந்தால் கதிர்வீச்சுக் குழுவிடம் சொல்லிவிடுங்கள். உலோகத்தில் பட்டுச் சிதறும் கதிர், அதை ஒட்டியிருக்கும் கன்னத்தையும் ஈறையும் கூடுதலாகப் புண்ணாக்கும். சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரு தடுப்பை நடுவில் வைத்தாலே அது குறையும். ஆனால் அதைத் திட்டமிடும் ஸ்கேனின்போதே வாயில் வைத்திருக்க வேண்டும், பாதியில் புதிதாகக் கொண்டுபோய் வைக்கக் கூடாது.

கதிர்வீச்சு ஓடும் வாரங்களில் ஈறு வைத்தியம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டு கரை சேர்வதுதான் வேலை. இரண்டாவது வாரத்தின் முடிவில் வாய் சிவக்கத் தொடங்கும், பிறகு புண்ணாகும். அந்தக் கட்டத்தில் பல் துலக்குவதையே நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, எச்சில் விழுங்கவே அழுகிறவரிடம் பிரஷ்ஷை நீட்டுவது லேசான காரியம் இல்லை. இருந்தாலும் அழுக்கு சேர்ந்தால் புண்ணில் கிருமி சேர்கிறது, வலி கூடுகிறது. மிக மிருதுவான நார் வைத்த சின்னப் பிரஷ்ஷை வெந்நீரில் ஒரு நிமிடம் ஊறவைத்தால் நார் இன்னும் தளரும். புதினா காரம் உள்ள பேஸ்ட் எரியும், காரம் இல்லாத, ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் கிடைக்கிறது. அதுவும் முடியாத நாளில் பேஸ்ட்டே இல்லாமல் துலக்குங்கள். பிரஷ்ஷே முடியாத நாளில் நனைத்த மெல்லிய துணியை விரலில் சுற்றி, ஈறு ஓரமாகத் துடைத்துவிட்டால் அன்றைக்கு அது போதும். மறுநாள் மறுபடி பிரஷ்ஷை முயன்று பார்க்க வேண்டும், துணியிலேயே தங்கிவிடக் கூடாது.

கொப்பளிக்க ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அரைக்கால் டீஸ்பூன் உப்பு. விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒன்றிரண்டு மணிக்கொரு தடவை கொப்பளித்துவிட்டு, வெறும் தண்ணீரால் ஒரு முறை அலசுங்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷை வாயருகே கொண்டுபோக வேண்டாம். குளோர்ஹெக்சிடின் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஈறு நோய்க்கு நல்ல மருந்துதான். ஆனால் கதிர்வீச்சுப் புண் வராமல் தடுக்க அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. புண்கள் ஆறியபிறகு, ஈறுக்குத் தேவைப்பட்டால், ஆல்கஹால் இல்லாததாகக் கொஞ்ச நாளுக்கு எழுதித் தருவேன். வெள்ளைப் படலம் படர்ந்து, வழித்தால் உரிந்து வந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. அதற்கு மருந்து வேறு, காட்டிவிடுங்கள்.

இந்த நாட்களில் எடை குறையக் கூடாது என்பதற்காக உணவியல் நிபுணர் சர்க்கரை கலந்த சத்துப் பானங்களை அடிக்கடி குடிக்கச் சொல்வார். பல் மருத்துவர் சர்க்கரை கூடாது என்பார். நடுவில் மாட்டிக்கொண்டு திண்டாடாதீர்கள். சிகிச்சை ஓடும்வரை உணவியல் நிபுணர் சொல்வதுதான் செல்லும். குடித்து முடித்ததும் தண்ணீரால் நன்றாக அலசிவிட்டால் நான் வாய் திறக்கமாட்டேன்.

நடுவில் ஈறு வீங்கிச் சீழ் கட்டினால்? எடுத்த எடுப்பில் பிடுங்குவதில்லை. சீழை வெளியேற்றி, ஆன்டிபயாட்டிக் கொடுத்து, கதிர்வீச்சு மருத்துவருக்குத் தகவல் சொல்லி, அன்றைய ஆபத்தைத் தாண்டுவோம். கூடவே சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ ஓடுகிறதென்றால், இரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் ஈறில் கை வைக்கமாட்டேன். பொதுவாக, கிருமியை எதிர்க்கும் நியூட்ரோபில் அணுக்கள் 1,000-க்கும், இரத்தத்தை உறையவைக்கும் பிளாட்டிலெட் 50,000-க்கும் கீழே இருந்தால், தள்ளிப்போடக்கூடியதை எல்லாம் தள்ளிப்போடுவோம்.

சிகிச்சை முடிந்து புண்கள் ஆறியதும் பலர் பெருமூச்சு விட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். ஈறு வைத்தியத்தைப் பொறுத்தவரை அங்கேதான் ஆரம்பம். உமிழ்நீர் சாதாரணமாக ஒரு நாளைக்கு அரை லிட்டரில் இருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும். கன்னத்துச் சுரப்பிகள் சராசரியாக 26 கிரேக்கு மேல் வாங்கிவிட்டால் பழையபடி மீள்வது கடினம். கதிரின் வலுவை இடத்துக்கு இடம் மாற்றிக் கொடுக்கும் இன்றைய ஐ.எம்.ஆர்.டி. முறை முடிந்த அளவு அவற்றை ஒதுக்கிவிட்டுக் கதிரைப் பாய்ச்சுகிறது. ஆனாலும் வறட்சி முழுக்கத் தப்புவதில்லை. வறண்ட வாயில் பல்லின்மேல் படியும் படலம் பசை மாதிரி ஒட்டும், வாய் கொப்பளித்தால் போகாது. ஈறு விளிம்பில் அது தங்கும் இடத்திலேயே ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். வெளியே தெரிந்த வேரில் சொத்தை சுற்றிவளைத்துப் பிடிக்கும். ஈறு நோயும் சொத்தையும் இங்கே தனித்தனி வியாதிகளாக நடந்துகொள்வதில்லை.

இன்னொரு சிக்கல், ஈறு பொய் சொல்லும். மற்றவர்களுக்கு ஈறு நோய் என்றால் சிவக்கும், வீங்கும், துலக்கும்போது இரத்தம் வரும். இரத்த ஓட்டம் குறைந்த இந்த ஈறு வெளிறி, இறுகி, பார்வைக்கு நல்லபடியாகவே இருக்கும். கம்பியை இறக்கினால்தான் ஆழம் தெரியும். அதனால் "ரத்தம் வரலையே" என்பதை நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. கம்பியால் அளப்பதையும், தேவைக்கேற்ப எக்ஸ்ரே எடுத்து எலும்பு மட்டத்தைப் பழைய படத்தோடு ஒப்பிடுவதையும் விடமாட்டேன்.

இந்த வாயில் ஸ்கேலிங் செய்யலாமா? செய்யலாம், செய்தே ஆக வேண்டும். ஈறின் பரப்புக்குள் நின்றுகொண்டு காரையையும் படலத்தையும் எடுப்பது எலும்பைத் தோண்டும் வேலை அல்ல. என் பழக்கம் இது: முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பேன், பிறகு வாய் இருக்கும் நிலையைப் பொறுத்து இடைவெளியைக் கூட்டுவேன். அதிர்வுக் கருவியின் குளிர்ந்த தண்ணீர் வெளியே தெரியும் வேரில் பட்டால் துள்ளுவார்கள், வறண்ட கன்னமும் எரியும். அதனால் முக்கால்வாசி வேலையைக் கைக்கருவியால், மெதுவாக, ஒரு பக்கமாக முடித்து, மறுபக்கத்துக்கு இன்னொரு நாள் வரச் சொல்வேன். உதட்டிலும் கன்னத்திலும் முதலில் வழுவழுப்பான ஜெல் தடவிவிட்டால் கண்ணாடியும் கருவியும் ஒட்டி இழுக்காது. சின்ன விஷயம்தான், ஆனால் அதைச் செய்யாததாலேயே அடுத்த தடவை வராமல் போனவர்கள் உண்டு. ஈறைத் திறந்து எலும்பைச் சீவும் அறுவையை மட்டும் அதிகக் கதிர் பட்ட பக்கத்தில் செய்வதில்லை.

கருவி நுழைய வாய் திறக்க வேண்டுமே. மெல்லும் தசைகள் இறுகிப் போவதால், முன்பற்களுக்கு நடுவே 35 மில்லிமீட்டர்கூடத் திறக்காதவர்கள் நிறையப் பேர். இவர்களின் கடைவாய்ப்பல்லின் பின்பக்கத்தை என்னாலும் சுத்தம் செய்ய முடியாது, அவர்களாலும் முடியாது. எனவே ஈறு மருத்துவராகிய நான் வாய் திறக்கும் பயிற்சியைப் பற்றி ஓயாமல் பேசுகிறேன். நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எத்தனை குச்சி நுழைகிறது என்று கதிர்வீச்சுக்கு முன்பே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். தினமும் சில தடவை அந்த அடுக்கை வைத்துச் சிறிது நேரம் திறந்தபடி இருங்கள். எண்ணிக்கை குறைய ஆரம்பித்தால் அன்றே இயன்முறை மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) சொல்லுங்கள். இறுகி முடிந்தபிறகு மீட்பது பெரும்பாடு.

வீட்டில் செய்ய வேண்டியதில் எனக்கு மிகவும் நம்பிக்கை இருப்பது இரண்டு. ஒன்று, பல் இடுக்குகளுக்கான குட்டி பிரஷ். ஈறு இறங்கி இடைவெளி விழுந்த வாயில் நூலைவிட அது நன்றாக வேலை செய்யும். கம்பியின் முனை குத்தாதபடி, பிளாஸ்டிக் பூசியதாக, இடைவெளிக்குத் தகுந்த அளவில் வாங்க வேண்டும். ஒரே வாயில் இரண்டு மூன்று அளவு தேவைப்படலாம். இரண்டாவது, இரவு ஃபுளோரைடு. செய்து கொடுத்த ட்ரேயில் 1.1 சதவீத சோடியம் ஃபுளோரைடு ஜெல்லை மெல்லிய கோடாக வைத்து, 5 முதல் 10 நிமிடம் மாட்டிக்கொண்டு, துப்பிவிட்டு, அரை மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் குடிக்காமல் இருக்க வேண்டும். இது எத்தனை நாளைக்கு என்று கேட்பார்கள். பல் இருக்கும்வரை. முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். உமிழ்நீரைத் தூண்டும் பிலோகார்பின் மாத்திரை சிலருக்கு உதவுகிறது, ஆஸ்துமாவோ கண் அழுத்த நோயோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது. வறட்சிக்காகப் புளிப்பு மிட்டாய் சப்புவதை மட்டும் நிறுத்துங்கள். எச்சில் ஊறுவதுபோல் தோன்றும், ஆனால் வேர் அமிலத்தில் ஊறிக்கொண்டிருக்கும்.

இத்தனைக்கும் பிறகும் ஒரு பல் போயே தீரும் என்று வருகிறது. அப்போது என்ன? பிடுங்கவே கூடாது என்று யாராவது சொன்னால் அதையும் அப்படியே நம்ப வேண்டாம். தாடைக்கு 50 கிரேக்கு மேல் வாங்கியவர்களில், பல் எடுக்கவோ இம்பிளான்ட் வைக்கவோ வேண்டியிருந்தவர்களை வைத்து பிரிட்டனில் நடந்த ஹோபான் என்ற ஆய்வு 2019-ல் வெளிவந்தது. எலும்பு ஆற உதவும் என்று கொடுக்கப்படும் உயர் அழுத்த ஆக்சிஜன் அறைக்குப் போனவர்களில் 6.4 சதவீதத்தினருக்கும், போகாதவர்களில் 5.7 சதவீதத்தினருக்கும் ஆறு மாதத்தில் எலும்புச் சாவு தென்பட்டது. பல வருடங்களாகக் கட்டாயம்போல் எழுதிக் கொடுக்கப்பட்டு வந்த ஆக்சிஜன் சிகிச்சை, தடுப்பு முறையாகப் பெரிதாக உதவவில்லை என்பது ஒரு சேதி. கவனமாகச் செய்தால் பெரும்பாலானவர்களுக்குக் குழி ஆறிவிடுகிறது என்பது இன்னொரு சேதி. வலியும் சீழும் ஓயாத பல்லை, பயத்தினால் மட்டும் தாடையில் விட்டுவைப்பதும் ஆபத்துதான், அந்தத் தொற்றே எலும்பைச் சாகடிக்கலாம். எடுப்பதானால் அனுபவமுள்ள தாடை அறுவை மருத்துவரிடம், எலும்புக்கு முடிந்தவரை காயம் படாமல், ஈறை இழுத்துத் தைத்து, ஆறும்வரை விடாமல் பார்த்து எடுக்க வேண்டும்.

புதிய பல் மருத்துவரிடம் போகும்போது கையில் ஒரு தாள் இருக்கட்டும். எந்த இடத்துக்குக் கதிர்வீச்சு, எந்தப் பக்கத் தாடைக்கு எத்தனை கிரே, எப்போது முடிந்தது, கூடவே கீமோ எடுத்தீர்களா, எலும்பு ஊசி போட்டீர்களா. இந்தத் தாளைப் பார்த்ததும் "தொடமாட்டேன்" என்றவரே இடது பக்கத்தைச் சுத்தம் செய்து, வலது பக்கத்துக்கு என்னை அழைத்துப் பேசிய சம்பவம் நடந்திருக்கிறது. அவருக்குத் தேவைப்பட்டது தைரியம் அல்ல, தகவல்.

எல்லா ஈறுத் தொல்லையும் ஈறு நோய் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வாய் முழுக்க ஒழுங்காக வைத்திருந்த ஒரு பெண்மணி, ஒரே ஒரு பல்லில் மட்டும் ஆட்டம் என்று வந்தார். மூன்று மாதத்துக்கு முன் 3 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் கம்பி இறங்கிக்கொண்டே போனது. ஈறின் விளிம்பு முரடாக இருந்தது, தொட்டதும் இரத்தம் கசிந்தது. பக்கத்துப் பற்களில் எதுவுமே இல்லை. ஈறு நோய் இப்படி ஒரு பல்லில் மட்டும், இவ்வளவு வேகமாக வருவது அரிது. நான் சுரண்டவில்லை. எக்ஸ்ரே எடுத்து, அவருடைய புற்றுநோய் அறுவை மருத்துவரை அழைத்து, அன்று மதியமே அனுப்பிவைத்தேன். சதைத்துண்டு எடுத்துப் பார்த்ததில் புதிதாக ஒரு கட்டி, சின்னதாக இருக்கும்போதே அகப்பட்டது. வெளிறிய ஈறுக்கு நடுவே கரடுமுரடான திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், திடீரென்று ஒரு பல்லில் மட்டும் ஆட்டம், கீழுதடு மரத்துப்போவது, எலும்பு வெளியே தெரிவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஸ்கேலிங் தேதிவரை காத்திருக்காமல் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் போங்கள். போகும்போது பழைய ஈறு அளவுகள் எழுதிய தாளையும் எக்ஸ்ரேக்களையும் எடுத்துக்கொண்டு போனால் அவருக்கு வேலை சுலபம்.